ஓணான்ராசாவின் வாயில் ஒட்டிய காகிதம்

குழு அன்பர்களே, முதலில் ஒரு காரியம். என்னை ‘ப்ரோ’ என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். நான் ஐம்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை. தாலுகா ஆபீசில் கோப்பு தள்ளுகிறேன். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. இரண்டு முழங்காலும் மாடிப்படியைக் கண்டால் அழும். பொம்மைக் கம்பெனிகள் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த குட்டி காமிக்ஸ் புத்தகங்களுக்கென்றே போனில் ஒரு குழு இருக்கிறது என்று மகள்தான் சொன்னாள். வெட்கத்தை விட்டு வந்து சேர்ந்தேன்.

போன மாதம் என்னிடமிருக்கும் ஒரே புத்தகத்தின் படத்தைப் போட்டேன். அரபியில் அச்சானது. உள்ளங்கை அகலம், ஒரு கீறல் கிடையாது. பாதிப்பேர் வாயைப் பிளந்தீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த புத்தகம் எங்கள் பக்கத்து மழைக்கும் கரையானுக்கும் எப்படித் தப்பியது, அந்தக் கதையை எழுதுங்கள் என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். அது ஒன்றும் தானாகத் தப்பவில்லை. நான்தான் அதைச் சுத்தம் செய்தேன். சுத்தம் செய்கிறேன் என்று சொல்லி, என் சித்தி மகனுக்கு அவன் அப்பா சொல்லி அனுப்பிய வார்த்தைகளை எல்லாம் உரித்து அடுப்பில் போட்டேன். சமீபம்வரை இது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

திருவட்டாற்றுக்கு மேற்கே ஒரே விளையில், அதாவது தோட்டத்தில், இரண்டு வீடுகள். ஒன்று எங்களுடையது, இன்னொன்று சித்தியுடையது. சுற்றி ரப்பர் மரம். அப்பாவுக்குக் கீரிப்பாறை எஸ்டேட்டில் வேலை. திங்கட்கிழமை பஸ் ஏறினால் சனிக்கிழமைதான் முகம் பார்க்கலாம். சித்தி அண்டியாபீசுக்குப் போவாள். முந்திரிக்கொட்டை தல்லுகிற கம்பெனியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். விடிந்தும் விடியாமலும் தூக்குச்சட்டியோடு போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். கொட்டைத்தோலின் எண்ணெய் பட்டு அவள் விரல்கள் கறுத்து வெடித்துக் கிடக்கும். அந்தக் கையோடு அவள் எந்த நல்ல பொருளையும் தொடமாட்டாள். கறை ஒட்டிவிடும் என்று பயம்.

சித்தப்பா கல்ஃபில் இருந்தார். சித்தி ஆறு மாதமாக இருக்கும்போது போனவர். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, ஐந்து வயதாகியும் அவரால் ஊர் வர முடியவில்லை. பாஸ்போர்ட் முதலாளி கையில் என்று கடிதத்தில் எழுதுவார். ஊர் அதை நம்பவில்லை. மற்ற கல்ஃப்காரர்கள் வீட்டுக்குப் பூப்போட்ட சேலையும் சென்ட் பாட்டிலும் டேப் ரிக்கார்டரும் வந்தன. எங்கள் சித்தப்பாவிடமிருந்து, அங்கிருந்து யாராவது ஊர் வரும்போது, ஒரு சின்னப் பொதி வரும். அதில் இரண்டு சோப்பு, ஒரு தைல டப்பா, பிறகு இந்தப் புத்தகங்கள். அவ்வளவுதான். பிள்ளைக்குக் கடலாஸ், வெறும் காகிதம், அனுப்புகிற கல்ஃப்காரன் என்று பெண்கள் கிணற்றடியில் சிரித்தார்கள். அங்கே வேறு குடும்பம் இருக்கும் என்று என் அம்மாவே ஒருநாள் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அந்தப் பொதியைத் திறந்தால் வருகிற மணம் இருக்கிறதே! சோப்பும் தைலமும் புது பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு மணம். எங்கள் வீட்டில் எப்போதும் புளித்த ரப்பர் பால் நாற்றம்தான். அதனால் நானும் தம்பியும் புத்தகங்களை மூக்கோடு ஒட்டிவைத்து மாறி மாறி முகர்வோம். தம்பி என்று நான் சொல்வது சித்தி மகனைத்தான். எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஐந்து. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவன் என் பொறுப்பு.

நீங்கள் எல்லாரும் பொம்மையோடு புத்தகம் கிடைத்தவர்கள். எங்களுக்குப் புத்தகம் மட்டும்தான். இப்படி ஒரு பொம்மை உலகத்தில் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. அது பொம்மைக்கான விளம்பரம் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன். வெள்ளியில் ஒரு கை வைத்த வீரன், ஈட்டி பிடித்த ஒருத்தி, கழுத்தில் செதிளும் தலையில் கிரீடமுமாக ஒரு பச்சை வில்லன். பெயர்கள் அரபியில் இருந்ததால் நாங்களே பெயர் வைத்தோம். வெள்ளிக்கையன், ஈட்டிக்காரி, ஓணான்ராசா. தம்பிக்கு ஓணான்ராசா என்றால் உயிர். அம்மாவுக்கோ அது பிசாசு படம். புத்தகங்களை அலமாரியில் வைக்கும்போது மேலே வேதப்புத்தகத்தை வைத்துத்தான் மூடுவாள்.

இனி முக்கியமான சங்கதி. அந்தப் புத்தகங்களில் ஒவ்வொரு பேச்சு பலூனின் மேலும் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டியிருக்கும். அரபி எழுத்தை மறைத்து, பலூனின் வளைவுக்கு ஏற்றபடி கத்தரித்து, அதன்மேல் நீல மையில் தமிழ். சித்தப்பாவின் எழுத்து. பொடிப்பொடியாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருக்கும். ‘மூத்தவள் பிள்ளைக்கு வாசித்துக் கொடுக்கட்டும்’ என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். மூத்தவள் நான். சித்தி மூன்றாம் வகுப்போடு நின்றவள்; வேதப்புத்தகத்தின் பெரிய எழுத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பாள், இந்தப் பொடி எழுத்து அவளுக்குப் பிடிபடாது. அவளுக்கு வருகிற கடிதங்களை என் அம்மா வாசிப்பாள். தம்பிக்கு வருகிற புத்தகத்தை நான். இதுதான் ஏற்பாடு.

முதல் புத்தகத்தைத் திறந்த நாளை மறக்கவில்லை; வார்த்தைகள் மட்டும் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் வாசிப்புக்குப் பரிசு வாங்குகிறவள் நான். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் எல்லாரும் கல்யாண வீட்டுக் குரூப் போட்டோ மாதிரி வரிசையாக நின்றார்கள். அடுத்த பக்கத்தில் மலையுச்சியில் வெள்ளிக்கையன் வாளோடு நிற்கிறான். அவன் வாயில் ஒட்டியிருந்த காகிதத்தில், ‘சரி மக்கா, லைட்டு அணைக்கப் போறானுவ. அப்பா பேனாவ வெக்கேன்’ என்று இருந்தது. அதற்கடுத்த பக்கத்தில் ஓணான்ராசா தீயைக் கக்கிக்கொண்டு, ‘அதுக்கு மருந்து கேட்டு வாங்கணும்’ என்றான். எதற்கு மருந்து? இன்னும் இரண்டு பக்கம் தள்ளி, ஈட்டியை ஓங்கிய ஈட்டிக்காரி, ‘அம்மைக்க கை எப்படி இருக்கு?’ என்று கேட்டாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. மண்ணும் புரியவில்லை. அரபிப் புத்தகம் வலப்பக்கத்திலிருந்து தொடங்கும் என்பது எனக்குத் தெரியாது. சித்தப்பா அங்கே பழகிப்போய் வலமிருந்து எழுதியிருக்கிறார். நான் இடமிருந்து வாசித்திருக்கிறேன். அவர் கேட்ட கேள்விக்கு முன்னால் அவர் சொன்ன பதிலும், அவர் வருவதற்கு முன்னால் அவர் விடைபெறுவதும் எனக்குக் கிடைத்தன. நானோ இந்த மனிதருக்குக் கதை எழுதத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். வாளை உருவிக்கொண்டு நிற்கிற வீரன் லைட்டு அணைப்பதைப் பற்றியா பேசுவான்? இதை ஒரு பிள்ளைக்கு எப்படி வாசிப்பது, எனக்கல்லவா கேவலம்!

அதனால் நான் அதை வாசிக்கவில்லை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே என் வாயில் வந்ததை அடித்துவிட்டேன். ‘ஏ ஓணான்ராசா, உன் தலையைக் கொய்து கொண்டுபோவேன்!’ என்று வெள்ளிக்கையன் கத்துவான். ‘முடிந்தால் வா பார்க்கலாம்!’ என்று ஓணான்ராசா சிரிப்பான். தம்பி கண்ணை விரித்துக்கொண்டு கேட்பான். கடைசிப் பக்கத்தில், அதாவது உண்மையில் முதல் பக்கத்தில், ஓணான்ராசா அரியணையில் கால்மேல் கால்போட்டு உட்கார்ந்திருப்பான். அதனால் எங்கள் கதைகளில் எப்போதும் ஜெயித்தது ஓணான்ராசாதான். ‘இன்னொருக்க, அக்கா’ என்பான். நானும் சளைக்காமல் சொல்வேன். எட்டுப் புத்தகத்துக்கும் அந்தப் பருவத்தில் நான் சொன்ன சண்டைகளை எழுதினால் ஒரு அலமாரி நிறையும்.

ஒருநாள் மழைக்கு அண்டியாபீஸ் சீக்கிரம் விட்டு, சித்தி நனைந்துகொண்டு வந்தாள். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். சேலையைப் பிழிந்துவிட்டு, எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் ஒளித்துவைத்துக் கேட்டாள். அந்தக் கையோடு புத்தகத்தின் பக்கத்தில்கூட வரமாட்டாளே. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பிள்ளையின் அப்பா அதில் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று மெதுவாக விசாரித்தாள். கதைதான் சித்தி, சண்டைக்கதை என்றேன்.

“சண்டை மட்டுந்தானா மக்கா? வேற ஒண்ணும் இல்லியா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவள் பிறகு கேட்கவே இல்லை. எழுந்துபோய் அடுப்பை மூட்டினாள். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் திறந்தால் இத்தனை நாள் வாசித்தது பொய் என்று வெளிப்படும், நல்லா வாசிக்கிற பிள்ளை என்ற பேர் போய்விடும். எனக்கு அந்தப் பேர் பெரிதாக இருந்தது. நான் கல்நெஞ்சக்காரியாகத்தான் இருந்திருக்கிறேன், வேறு என்ன சொல்ல.

தம்பிக்கு எழுத்துத் தெரியாதே தவிர, வெள்ளைக் காகிதம் அப்பா ஒட்டியது என்று தெரியும். நான் பக்கத்தைத் திருப்பும்போது அதன்மேல் சுண்டுவிரலை வைத்து ஓரம் ஓரமாகத் தடவுவான். அப்பா இங்கே கை வைத்திருப்பார் இல்லையா என்று கேட்பான். ஆமாம் என்பேன். அந்த ஒன்றுதான் நான் அவனிடம் சொன்ன உண்மை.

மூன்றாவது பொதி வந்த சமயம் என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள், டாக்டர் வீட்டுப் பெண். அவள் மாமாவும் கல்ஃப். அவள் ஒருநாள் பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் நிறுத்தினாள். ஈட்டிக்காரி! காகிதத்தில் இல்லை, கையும் காலும் திரும்புகிற நிஜமான ஈட்டிக்காரி. முதல் பக்கத்தில் அத்தனை பேரும் ஏன் வரிசையாக நின்றார்கள் என்று அப்போதுதான் விளங்கியது; அவையெல்லாம் கடையில் விற்கிற பொம்மைகள். என்னிடம் புத்தகங்கள் இருக்கின்றன என்று பெருமையடித்தேன். அடுத்த நாள் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் விரலால் காகிதத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, கண்டதையெல்லாம் எழுதி ஒட்டிய புத்தகம் தனக்கு வேண்டாம், சுத்தமாக இருந்தால் பொம்மையைத் தருகிறேன் என்றாள்.

சனிக்கிழமை காலை அம்மா புட்டு அவித்துவிட்டு ஓடைக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். புட்டுக்குடத்திலிருந்து குழலை எடுத்துவிட்டால் வாய் வழியாக ஆவி நேராக எழும்பும். புத்தகத்தை விரித்து அதன்மேல் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் காகிதம் ஓரத்தில் சுருளும். கோழி இறகைப் பிடுங்குவதுபோல நுனியைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். பக்கம் பக்கமாக உரித்தேன். பிசின் ஒட்டியிருந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, மாவரைக்கும் கல்லின் அடியில் வைத்து அழுத்தினேன். எட்டுப் புத்தகமும் புத்தம்புதுசாக ஆயின. உரித்த காகிதங்களைக் கூட்டி அள்ளி அடுப்பில் போட்டேன். நனைந்திருந்ததால் உடனே எரியவில்லை. ஊதாங்குழலால் ஊதினேன்.

ஏழு புத்தகத்துக்கு ஒரு ஈட்டிக்காரி. ஓணான்ராசா புத்தகம் அவளிடம் ஏற்கெனவே இருந்ததால் அது மட்டும் என்னிடமே தங்கியது. பொம்மையை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா? ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரையின் பரணில் ஒளித்துவைத்தேன். நான்காம் நாள் எடுத்துப் பார்த்தால் சூட்டில் இடுப்பு இளகி, கால் இரண்டும் பின்பக்கம் வளைந்து கிடந்தாள். புதரில் எறிந்தேன். நாலு நாள் விளையாட்டு, அவ்வளவுதான்.

தம்பி கேட்டான். மிச்சமிருந்த ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

“அக்கா, அப்பாக்க வெள்ளைக் கடலாசு எங்க?”

பாச்சை தின்றுவிட்டது என்றேன். மற்ற புத்தகங்களை? அவற்றையும் பாச்சை தின்றுவிட்டது என்றேன். அவன் அழவில்லை. அலமாரிக்குப் பின்னால் குனிந்து கொஞ்சநேரம் பாச்சையைத் தேடினான். பிறகு அந்தப் புத்தகத்தை என்னிடமே கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டான். அதன்பிறகு கதை சொல்லு என்று கேட்டதில்லை.

கிறிஸ்மஸ் நெருங்கும்போது தந்தி வந்தது. சித்தப்பா வேலை செய்த இடத்தில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உடல் ஊர் வரவில்லை. சர்ச்சில் ஒரு ஜெபம் நடத்தினார்கள்; கல்லறைத் தோட்டத்தில் இடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. தந்தி வந்து ஒன்பதாம் நாள் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, முன்பே எழுதிப் போட்டது. அம்மா பிரிக்கப் போனாள். சித்தி விடவில்லை. கையில் வாங்கி, சேலைத் தலைப்பில் பொதிந்து, தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கறுத்த விரலால் அவர் அனுப்பிய ஒரு காகிதத்தை அவள் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு சித்தி அண்டியாபீசிலேயே காலம் கழித்து அவனை வளர்த்தாள். என்னைப் பற்றி யாரிடம் பேசினாலும், ‘மூத்தவ தங்கம், அப்பன் இல்லாத பிள்ளைக்கு எவ்வளவு கதை வாசிச்சுக் குடுத்திருக்கா’ என்பாள். என் கல்யாணத்தில்கூட மாப்பிள்ளை வீட்டாரிடம் அதைத்தான் சொன்னாள். பட்டுச்சேலைக்குள் நான் வியர்த்து ஒழுகினேன்.

தம்பி இப்போது டெம்போ ஓட்டுகிறான். இரண்டு பெண்பிள்ளைகள். ஒரு காலத்தில் அவனுக்கு கல்ஃப் போக விசா வந்தது, போகவில்லை. அங்கே போனால் மனுஷன் பிள்ளையை மறந்துவிடுவான் என்றான். அவன் வீட்டுச் சுவரில் சித்தியின் படம் மட்டும்தான் தொங்குகிறது. மகள்கள் தாத்தாவைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் வைத்திருந்தான். “எனக்க அப்பன் படம் அனுப்புவாரு. பேச மாட்டாரு.” சிரித்துக்கொண்டுதான் சொல்வான். நான் அந்த இடத்தில் இருந்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன்.

போன வருடம் சித்தி போய்ச் சேர்ந்தாள். தகரப்பெட்டியின் சாவி கிடைக்காமல் நெடுநாள் அப்படியே கிடந்தது. அவன் ஒருநாள் பூட்டை உடைத்தான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வேட்டி சட்டையோடு நேராக என் வீட்டுக்கு வந்தான். நான் மீன்குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். முன்னறையில் உட்கார்ந்து, சித்தி அன்று பிரிக்கவிடாமல் பூட்டிவைத்த நீல உறையை என்னிடம் நீட்டினான். அதே பொடி எழுத்து. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தேன்.

பொம்மை வாங்கித் தர வசதிப்படவில்லை என்று எழுதியிருந்தார். பொம்மைக்கடையின் குடோனில் கூட்டிப் பெருக்குகிற வேலையாம். கிழிந்த பெட்டிகளிலிருந்து விழுகிற புத்தகங்களை எடுத்துக்கொள்ள மேஸ்திரி சம்மதிப்பானாம். அதற்குக் கீழே இப்படி இருந்தது: ‘பிள்ளையிடம் சொல்ல உள்ளதை எல்லாம் புத்தகத்தில் எழுதிவிடுகிறேன். அதனால்தான் இதில் அவனுக்கு என்று தனியாக ஒன்றும் எழுதுவதில்லை. நீ விசனப்படாதே. மூத்தவள் தெளிவாக வாசிப்பாள்.’

நான் கடிதத்தை மடித்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, அந்த வெள்ளைக் கடலாசுல என்ன எழுதியிருந்து?”

சொன்னேன். புட்டுக்குடம், டாக்டர் வீட்டுப் பெண், ஈட்டிக்காரி, அடுப்பு, பாச்சை, எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றுக்கும் சமாதானம் சொல்லவில்லை. சின்ன வயசு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. பன்னிரண்டு வயதில் எனக்கு எல்லாம் தெரியும். உள்ளே குழம்பு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

கடைசியில், ஏதாவது நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டான். நினைவிருந்ததைச் சொன்னேன். விழுந்த பல்லைக் கூரைமேல் போடச் சொன்னது. மழைக்காலத்தில் ஓடைக்குப் போகாதே என்றது. ராத்திரி அம்மாவின் கைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கொடு என்றது. சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. ஓணான்ராசா இப்படிச் சொன்னான், வெள்ளிக்கையன் அப்படிச் சொன்னான் என்று கையை ஆட்டிப் பேச ஆரம்பித்துவிட்டேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“இது அவரு சொன்னதா அக்கா, நீ சொன்னதா?”

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. அத்தனை நாள் அத்தனை கதை கட்டியவளின் தலைக்குள் எது அவருடையது, எது என்னுடையது என்று யார் பிரிப்பது? நான் உட்கார்ந்து யோசித்தேன். ஒன்றொன்றாகத் தள்ளினேன். பல் போயிற்று. ஓடை போயிற்று. எண்ணெய்கூட நான் பிற்பாடு சேர்த்துக்கொண்டதோ என்று சந்தேகம். நான் கட்டவே முடியாத ஒன்று மட்டும் மிஞ்சியது. அதில் நானும் இருந்தேன் என்பதால் அதை மறக்க முடியவில்லை.

இரண்டாவது பொதியில் வந்தது அது. ‘உனக்க சத்தம் அப்பாவுக்குத் தெரியாது மக்கா. போதகர் வீட்டில் டேப் ரிக்கார்டர் இருக்கு. அக்கா உன்னைக் கூட்டிக்கொண்டு போவாள். ஒரு பாட்டுப் பாடி அனுப்பு. பாட்டு வேண்டாமென்றால் சும்மா பேசு.’ அக்கா கூட்டிக்கொண்டு போகவில்லை. போதகரின் மனைவி பார்த்தால் ஓய்வுநாள் பள்ளியின் மனப்பாட வசனத்தைக் கேட்பார். எனக்கு அந்த வாரம் வசனம் பாடமில்லை. அந்த ஒரு காரணம்தான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டு விட்டேன். மூன்றாவது பொதியின் கடைசிப் புத்தகத்தில், நான் முதல் பக்கம் என்று நினைத்துத் திறந்த பக்கத்தில், ஒரே ஒரு துண்டுதான் ஒட்டியிருந்தது. ‘டேப்பு வரல்லியே மக்கா. அப்பாகிட்ட பிணக்கமா?’

இதை அவனிடம் அப்படியே, ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கையை ஆட்டவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பதை நெருங்குகிற ஆள், காதோரம் நரைத்தவன், ஐந்து வயதில் பாச்சையைத் தேடினபோது இருந்த அதே முகம்.

“அப்போ பிணக்கம்ணு நெனச்சிட்டா போனாரு?”

என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஒன்றல்ல, பத்து இருந்தன. பிறகு யாரோ ஊர்க்காரர் போய் அவரிடம் சொல்லியிருப்பார், பிள்ளைக்கு வெட்கம் என்று அவரே புரிந்துகொண்டிருப்பார், கடைசிப் புத்தகத்தில் இன்னொரு துண்டு இருந்தது, அதில் சமாதானமாக எழுதியிருந்தார். எதைச் சொன்னாலும் அன்றைக்கு அவன் நம்பியிருப்பான். நம்பத்தான் காத்திருந்தான்.

“ஆமா மக்கா” என்றேன்.

அவன் கடிதத்தை உறைக்குள் போட்டு, உறையைச் சட்டைப்பைக்குள் வைத்து, எழுந்து போனான். வாசலில் டெம்போ கிளம்புகிற சத்தம் நெடுநேரம் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டிக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு, அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. பாடினானா, சும்மா பேசினானா, எனக்குக் கேட்கவில்லை.